வெள்ளையடித்த கொள்ளைக்காரன்

அத்தியாயம் 9

செத்துப்போன புருஷனின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இசபெல்லாவுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வரும். அன்றைக்கும் வந்தது.

"இதுவாங்க எங்க வூட்டுக்காரரு? நல்லாப் பாருங்க. அவரு நல்ல கறுப்புங்க. அந்தக் கறுப்புலயே ஒரு களை இருக்கும். இவனுங்க சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆக்கி, கன்னத்துல ரோஸ் பவுடர் வேற பூசி வெச்சிருக்கானுங்க. செத்தவரைக்கூட நிம்மதியா கறுப்பா இருக்க வுட மாட்டானுங்களா?"

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் தொங்கியது. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. நடுவில் அந்தோணி பிரகாஷ், வெளுவெளுவென்று, தலைமுடியைச் சுற்றி நீலமாக ஒரு ஒளியோடு சிரித்துக்கொண்டிருந்தான். கீழே 'ஆழ்ந்த வருத்தத்துடன், ஓட்டல் நங்கூரம் குடும்பத்தினர்'. ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்த கடையின் பெயரும் பாப்பாரப்பட்டி என்ற ஊரும். மற்ற வீடுகளில் என்றால் இந்நேரம் இது கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருக்கும். இசபெல்லாவுக்கு மனசு வரவில்லை.

பச்சியப்பன் பேனரை அண்ணாந்து பார்த்தான். "எங்க அப்பாவுக்கு அடிச்சப்பவும் இதே கதைதாங்க. கல்லு ஒடைச்ச மனுசனைக் கல்யாண மாப்பிள்ளை ஆக்கிட்டானுங்க. சாமி கும்புட வந்த எங்க அம்மா, 'யாருடா இந்தாளு'ன்னு கேட்டுச்சு."

துக்கம் ஆறாத இசபெல்லாவின் வீட்டிலும் அவளுடைய தம்பி அல்போன்ஸ் சிரித்துவிட்டான். துப்பறிவாளர் வெண்மதி சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கிற வேலையில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு, தர்மபுரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாக அலுவலகம் போட்டவள் அவள். பச்சியப்பன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் மினி பஸ் கண்டக்டர். வாய் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக முதலாளி அவனை நடுரோட்டில் இறக்கிவிட்டார்.

"அக்கா, நடந்ததை எங்க பச்சிக்கும் ஒரு தடவை சொல்லிடுங்க" என்றாள் வெண்மதி.

இசபெல்லா சொன்னாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் இருக்கிற ஓட்டல் நங்கூரத்துக்கு வாராந்திர விடுமுறை. அங்கே ஒரு பழைய அமெரிக்க பின்பால் மெஷின் உண்டு. காசு போட்டால் இரும்புக் குண்டு மேலே பாயும். சரிவில் உருண்டு வருவதைப் பொத்தானை அமுக்கித் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். அதைச் சரிபார்க்கப் போன எலெக்ட்ரீசியன் அந்தோணி பிரகாஷ், மத்தியானம் அந்த மெஷினுக்குள் கை விட்டபடியே கரண்ட் அடித்துச் செத்துக் கிடந்தான். ஆள் தனியாக இருந்தான், சுவிட்சை அணைக்க மறந்துவிட்டான், விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள்.

"மறந்துட்டாராம்!" என்றாள் இசபெல்லா. "மிக்ஸி ரிப்பேர் பண்ணாக்கூட பிளக்கைப் புடுங்கித் தோள் மேல போட்டுக்கிட்டுத்தாங்க கை வெப்பாரு. யாராவது தெரியாம சொருகிடுவாங்களாம். அந்த மனுசனா மறப்பாரு? அதுக்கு மொதநாள்தான் ஓட்டல்காரன் மாதவராஜ், எல்லாரு முன்னாடியும் 'உன்னைத் தொலைச்சுடுவேன்'னு கத்துனான். தொலைச்சுட்டான்."

"அக்கா மாசாமாசம் அந்த ஓட்டல் வாசல்ல போய் நின்னு மண்ணை வாரித் தூத்துதுங்க" என்றான் அல்போன்ஸ். "நான்தான் குடை புடிப்பேன். நான் அப்ப அங்க மேனேஜரா இருந்தேங்க. அன்னிக்கு பாப்பாரப்பட்டி சந்தைக்கு காய் வாங்கப் போயிட்டேன். இருந்திருந்தா மாமாவைக் காப்பாத்தியிருப்பேன். அப்பறம் அந்த ஆளு சோத்துல கை நனைக்கக் கூடாதுன்னு வேலையை வுட்டுட்டேன்."

"அல்போன்ஸ் மட்டும் இல்லைன்னா நான் எப்பவோ போயிருப்பேங்க" என்று இசபெல்லா தம்பியின் தோளைத் தொட்டாள். பிறகு வெண்மதியை நேராகப் பார்த்தாள். "எனக்கு நஷ்டஈடு வேணாங்க. கோர்ட்டு கேஸு எதுவும் வேணாம். யாருன்னு கை நீட்டிக் காட்டுங்க, அது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

மாங்கூழ் ஃபேக்டரியில் நாள் முழுக்கக் கொட்டை எடுக்கிற கை அது. மடியில் சும்மா கிடந்தபோதும் விரல்கள் எதையோ பிசைந்துகொண்டே இருந்தன. பச்சியப்பன் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

* * *

ஓட்டல் நங்கூரம் கப்பல் மாதிரியே கட்டப்பட்டிருந்தது. பாய்மரம், வட்ட ஜன்னல், வாசலில் சிமெண்ட் திமிங்கலம்.

"கடல் எந்தத் திசைன்னே தெரியாத ஊர்ல கப்பலை நிறுத்தியிருக்காருங்க" என்றான் பச்சியப்பன். "மழை பெய்யாத வருஷத்துல தரை தட்டிடுச்சு போல."

முதலாளி மாதவராஜ் கனத்த ஆள், கடுத்த முகம். ஆனால் இசபெல்லாவின் பேரைச் சொன்னதும் அந்தக் கடுப்பு இறங்கி, பயம் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது.

"அந்தம்மா மண்ணு தூத்துனதுல இருந்து எனக்கு எதுவுமே வெளங்கலைங்க. திட்டுனேன், ஒத்துக்கறேன். வேலை இழுத்துக்கிட்டே போச்சுன்னு திட்டுனேன். திட்டுற முதலாளி எல்லாம் கொலைகாரனா? அன்னிக்கு நான் குடும்பத்தோட தீர்த்தமலைக்குப் போயிட்டேன். வந்து பாத்தா இங்க பொணம்."

பின்பக்க ஹாலில் மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது மெஷின். அதன் மேல் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். காய்ந்து கருகி எது எலுமிச்சை எது மிளகாய் என்றே தெரியவில்லை.

"அன்னில இருந்து யாரும் தொட்டதில்லையா?" என்றாள் வெண்மதி.

"உயிர் வாங்குன மெஷினுங்க. பெருக்குற பொம்பளைகூட பக்கத்துல போக மாட்டேங்குது. சுவிட்சே போட்டதில்லை."

பச்சியப்பன் தார்ப்பாயை இழுத்தான். தூசி அடங்கியதும் உள்ளேயிருந்து ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் ஒருவன் வெளிப்பட்டான். நாலு கால் பெட்டி, அதன் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கிற கண்ணாடி. கண்ணாடி முழுக்கச் சித்திரம். பாய்மரக் கப்பல், மண்டையோட்டுக் கொடி, திறந்து கிடக்கிற புதையல் பெட்டி, கத்தியைத் தூக்கிப் பிடித்த கேப்டன். சித்திரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சதுரத் துளைகளில் எண்கள் தெரிந்தன.

வெண்மதி அந்த எண்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது என்னங்க?"

தன் மெஷினைப் பற்றிக் கேட்டதும் மாதவராஜுக்குக் குரல் கொஞ்சம் தெளிந்தது. "ஸ்கோருங்க. இது கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் காந்தம், ஸ்பிரிங், மணி. பழைய மொபெட்டுல கிலோமீட்டர் நம்பர் உருளுமே, அது மாதிரி உருளை. ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஆடலாம். இடது பக்கம் மொத ஆளு, வலது பக்கம் ரெண்டாவது ஆளு."

"கரண்ட் போனா?"

"அப்படியே நிக்கும். அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சாத்தான் எல்லாம் சைபருக்கு வரும்."

"அப்ப இது கடைசியா ஆடின ஆட்டம்."

"ஆமாங்க."

"ரெண்டு பக்கமும் நம்பர் இருக்குதே."

மாதவராஜ் பார்த்தார். வாய் மெதுவாகத் திறந்தது. "வலது பக்கம் ஓடாதுங்களே! வாங்குன நாள்ல இருந்தே சைபர்லயே சிக்கிக் கெடந்துச்சு. அதைச் சரி பண்ணத்தான் அந்தோணியை வரச் சொன்னேன்."

"சரி பண்ணிட்டாரு" என்றாள் வெண்மதி. "பண்ணி முடிச்சப்பறம் ரெண்டு பேரு ஆடியிருக்காங்க. சோதிச்சுப் பாக்க மட்டும்னா ரெண்டு பக்கமும் இவ்வளவு ஸ்கோர் ஏறாது. அதுக்கப்பறம் இந்த மெஷினுக்குக் கரண்டே வரலை. அவரு தனியா இல்லைங்க."

இரண்டு வருஷமாக அந்த எண்கள் உண்மையைச் சொல்லிக்கொண்டு தார்ப்பாய்க்குள் நின்றிருக்கின்றன. கேட்கத்தான் ஒரு ஆள் இல்லை.

வெண்மதி டார்ச்சை அடித்து, முன்பக்க இடுக்கு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆட்டப் பலகைக்கு அடியில், கம்பிகளுக்கு நடுவே இரும்புக் குண்டு சிக்கியிருந்தது. "ரிப்பேருக்காக கை விடலை. ஆட்டத்துக்கு நடுவுல பந்து மாட்டிக்கிச்சு, அதை எடுக்க விட்டிருக்காரு. பிளக்கைப் புடுங்காம ஏன் விட்டாரு? கூட இருந்த ஆளு சுவிட்சை ஆஃப் பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கணும். சொன்னதை இவரு நம்பியிருக்கணும்."

"இந்தாளை நம்புவாரா?" என்று பச்சியப்பன் மாதவராஜைக் கண்ணால் காட்டி முணுமுணுத்தான்.

அவன் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் பக்கம் நகர்ந்தான். ஓட்டல் திறப்புவிழா அன்று எடுத்தது. மாலையும் கழுத்துமாக மாதவராஜ், பக்கத்தில் இதே மெஷின். பச்சியப்பன் படத்தைப் பார்த்தான், மெஷினைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான்.

"சார், உங்க கொள்ளைக்காரன் நடுவுல பியூட்டி பார்லர் போயிட்டு வந்தானா?"

"என்னய்யா உளர்றே?"

"போட்டோல பாருங்க. வெயில்ல கறுத்து, கன்னத்துல இத்தாம்பெரிய தழும்போட, பாத்தாலே பேதி ஆகுற மாதிரி நிக்கிறான். இங்க பாருங்க. வெள்ளை முகம், ரோஸ் கன்னம், தழும்பைக் காணோம். வார்டு எலெக்‌ஷனுக்கு நிக்கிற மாதிரி இருக்கான். 'உங்கள் வீட்டுப் பிள்ளை'ன்னு கீழ எழுத வேண்டியதுதான் பாக்கி."

வெண்மதி ஒரே எட்டில் கண்ணாடியிடம் போனாள். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். கொள்ளைக்காரனின் பூட்ஸ் தோலாக உரிந்து வந்தது. வெறும் கண்ணாடி மேல் ஒட்டிய பிரிண்ட்.

"ஐயோ, என் கிளாஸ்!" மாதவராஜ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "அது அந்தக் காலத்துல கலர் கலரா கண்ணாடி மேலயே அச்சு போட்டதுங்க. மெஷினே அந்த கிளாஸுக்காகத்தான். பெங்களூர்ல பழைய சாமான் சேக்கற ஒரு பைத்தியக்காரன் கிளாஸை மட்டும் குடுன்னு எத்தனை தடவை கேட்டான் தெரியுமா? எவன்டா மாத்துனவன்?"

நடிப்பா, நிஜமா? பச்சியப்பனால் கண்டுபிடிக்க முடியவில்லை. மினி பஸ்ஸில் பாஸ் இருக்கு என்று சொல்கிற முகத்தையெல்லாம் படித்தவன் அவன். இந்த முகம் நிஜம் மாதிரிதான் இருந்தது. அதுதான் அவனை உறுத்தியது.

வெண்மதி கொள்ளைக்காரனின் முடியைச் சுற்றி விரலை ஓட்டினாள். நீலமாக ஒரு ஒளி. "பச்சி, இந்த வேலைப்பாட்டை இன்னிக்குக் காலையில எங்க பாத்தோம்?"

பச்சியப்பன் யோசித்தான். "அந்தோணி அண்ணன் மூஞ்சியிலங்க."

"வண்டியை எடு. பாப்பாரப்பட்டிக்கு."

* * *

பேனர் கடையில் மெஷின் தடதடவென்று ஒரு மஞ்சள் நீராட்டு விழாவைத் துப்பிக்கொண்டிருந்தது. டிசைனர் கலைமணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒரு தாத்தாவின் சுருக்கங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

பச்சியப்பன் செல்போனில் கொள்ளைக்காரனின் படத்தை நீட்டினான். "தம்பி, இவரு உங்க கைவண்ணமா?"

கலைமணியின் முகம் மலர்ந்தது. "நம்ம வேலைதாங்க! ஃபேஸ் கிளீன் எப்பிடி வந்திருக்குது பாருங்க. யாரோ கூத்துக்காரருன்னு நெனச்சேன். முகமெல்லாம் கறுத்துப் போயி, கன்னத்துல வெட்டுக்காயம் வேற. பாவம், போஸ்டர்லயாவது அழகா இருக்கட்டும்னு எடுத்து வுட்டேன். கண்ணுல கட்டுப் போட்டிருந்தாரு, ஆபரேசன் போலன்னு அதை மட்டும் வுட்டுட்டேன்."

"யாரும் கேக்காமயே வெளுப்பியா?"

"கேக்கணுமாங்க? கறுப்பா அடிச்சுக் குடுத்தா வாங்கவே மாட்டாங்க. காசைக் குடுத்துட்டு எவன் கறுப்பா இருக்கப் போறான்? நாங்க ஃபைலைத் தொறந்ததும் கை தானா அங்கதான் போகும்." கலைமணி தலையைச் சொறிந்தான். "ஆனா இதைக் குடுத்தவரு மட்டும் வாங்க வந்தப்ப கெட்ட கோவம். 'இருந்தது இருந்தபடி அடிக்கச் சொன்னா எதுக்குடா வெள்ளையடிச்சே'ன்னு கத்துனாரு. திரும்ப அடிச்சுத் தர்றேன்னேன். நேரமில்லைன்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. எனக்கு மனசே சரியில்லீங்க."

"யாரு குடுத்தது?" என்றாள் வெண்மதி.

"நம்ம நங்கூரம் ஓட்டல்ல இருந்துங்க."

பச்சியப்பன் தொடையில் தட்டினான். மாதவராஜ்! தன் கண்ணாடியைத் தானே விற்றுவிட்டு, தானே நாற்காலியில் விழுந்து நடித்திருக்கிறான் படுபாவி. "நான் அப்பவே நெனச்சேங்க—"

"ஓனர் வந்தாரா?" வெண்மதி அவனைக் கையமர்த்தினாள்.

"ஓனர் எங்கங்க வரப் போறாரு? ஓட்டல் வேலைன்னா எப்பவும் மேனேஜர்தான் வருவாரு. இதை மட்டும் ஓனர்கிட்ட மூச்சு வுடாதேன்னாரு, சர்ப்ரைஸாம். அப்பறம் அந்தக் கரண்ட் அடிச்சு செத்தவருக்கு அஞ்சலி பேனர் அடிக்கவும் அவருதான் வந்தாரு. அப்ப பாவம் ஒண்ணுமே பேசலை. படத்தை மேஜையில வெச்சுட்டு, 'இவரையும் வெளுத்துடு'ன்னு மட்டும் சொன்னாரு. அல்போன்ஸ் அண்ணன்."

தடதடப்பு நின்றுவிட்டது. மஞ்சள் நீராட்டு விழா முடிந்து தரையில் சுருண்டு விழுந்தது.

குடை பிடித்த தம்பி. அக்காவோடு போய் ஓட்டல் வாசலில் நின்று, மண் வாரித் தூற்றுகிறவளுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொண்ட தம்பி. பச்சியப்பனுக்கு எங்கேயாவது காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வெளியே வந்து துப்பினான்.

"அன்னிக்கு சந்தைக்குப் போனது பொய்" என்றாள் வெண்மதி. "வலது பக்கத்து ஸ்கோர் அவனோடது. பின்னாடி எரியற பல்பை மாட்ட கண்ணாடியைக் கழட்டுனப்ப, அது போலின்னு அந்தோணிக்குத் தெரிஞ்சிருக்கணும்."

"இசபெல்லாக்காகிட்ட எப்படிங்க சொல்றது? அந்தக்கா ஏற்கெனவே சீமெண்ணெயில நனைஞ்ச திரி மாதிரி இருக்குது."

"நாம சொன்னா நம்பாது. அவனே சொல்லட்டும்."

* * *

மறுநாள் காலை, ஓட்டல் கூட்டம் சேர்வதற்கு முன்னால் எல்லோரும் பின்பக்க ஹாலில் நின்றார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம், ஃபேமிலி ரூமில், சப்-இன்ஸ்பெக்டர் நிர்மலாதேவி ஒரு காபியை முன்னால் வைத்துக்கொண்டு காதைத் தீட்டி உட்கார்ந்திருந்தார். அது வெண்மதிக்கும் பச்சியப்பனுக்கும் மட்டும்தான் தெரியும்.

இசபெல்லா மாதவராஜைப் பார்த்த பார்வையில் அவர் இரண்டடி தள்ளி நின்றார். அல்போன்ஸ் அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். "அக்கா, உணர்ச்சிவசப்படாதே. இன்னிக்கு அந்தாளு மாட்டிக்குவான் பாரு."

"இசபெல்லாக்கா, நீங்க சுவிட்ச் பக்கத்துல நில்லுங்க" என்றாள் வெண்மதி. "நான் சொல்றப்ப போடணும், சொல்றப்ப அணைக்கணும். அன்னிக்கு நடந்ததை நடத்திப் பாக்கப் போறோம்."

சுவிட்ச் மெஷினுக்குப் பின்பக்கத் தூணில் இருந்தது. பெட்டிமேல் குனிந்து கை விடுகிறவனுக்கு அது கண்ணில் படாது. இசபெல்லா போட்டாள். மெஷின் உறுமிக்கொண்டு விழித்தது. உள்ளே ஏதோ கடகடவென்று சுற்றி நின்றது, மணி ஒன்று தானாக அடித்தது, விளக்குகள் எரிந்தன. வெள்ளைவெளேரென்ற கொள்ளைக்காரன் ஹாலைப் பார்த்து இளித்தான். மாதவராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அணைங்க."

மெஷின் இருண்டது. வெண்மதி ஆட்டப் பலகையைத் தூக்கினாள். அதற்கு முட்டுக்கொடுக்கிற கம்பியை முன்பே கழற்றி வைத்திருந்தாள். ஆகவே ஒரு கையால் பலகையைத் தாங்கிக்கொண்டுதான் மறு கையை உள்ளே விட முடியும்.

"சார், உள்ள ஒரு பந்து மாட்டியிருக்கு. எடுங்க."

மாதவராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டு, முனகிக்கொண்டே கையை விட்டார். துழாவினார். ஒரு தடவைகூட சுவிட்ச் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. இசபெல்லாவின் புருவம் சுருங்கியது. "நமக்கு எட்டலைங்க, கை குண்டு" என்று வெளியே எடுத்துவிட்டார்.

"அல்போன்ஸ், நீங்க ஒல்லியா இருக்கீங்க. கொஞ்சம் பாருங்க."

அல்போன்ஸ் சிரித்தான். சிரிப்பு உதட்டோடு நின்றது. "நானா? எனக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க."

"பந்துதானே? சார் கையை விடலையா?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இடது கையால் பலகையைத் தாங்கி, வலது கையை மெதுவாக உள்ளே விட்டான். நெற்றியில் வியர்வை கோத்தது. இந்த நேரத்தில் பச்சியப்பன் மெஷினுக்குப் பின்னால் போனான். நேற்றிலிருந்தே இசபெல்லாவின் விரல்கள் அவன் கண்ணுக்குள் நின்றன. வெண்மதி சொல்லாத ஒரு சின்ன வேலையை, அவளுக்கும் இசபெல்லாவுக்கும் தெரியாமல், அங்கே தரையோரம் குனிந்து அவன் முடித்தான்.

முழங்கை வரை உள்ளே போனதும் அல்போன்ஸ் நின்றான்.

"அக்கா, ஆஃப் பண்ணிட்டியா?"

"இதைத்தான் அந்தோணியும் கேட்டாரா அல்போன்ஸ்?" என்றாள் வெண்மதி.

அவன் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. கலைமணியாலேயே அவ்வளவு வெளுக்க முடியாது.

"என்னங்க பேசறீங்க? நான் சந்தைக்கு—"

"கொள்ளைக்காரன் படத்தை அடிக்கக் குடுத்தது நீங்க. கடைக்காரர் சொல்லிட்டாரு. அசல் கண்ணாடியை பெங்களூருக்கு வித்தீங்க. பல்பு மாட்டுறப்ப உங்க மாமா கண்டுபுடிச்சாரு. மெஷினைச் சரி பண்ணிட்டு ரெண்டு பேருமா ஆடியிருக்கீங்க. அவரு ஸ்கோரும் இருக்கு, உங்க ஸ்கோரும் இருக்கு. பந்து மாட்டிக்கிச்சு. சுவிட்ச் பக்கத்துல நீங்க நின்னீங்க."

இசபெல்லா ஒன்றும் புரியாதவள் மாதிரி நின்றாள். "என்ன சொல்றாங்க அல்போன்ஸ்?"

"பொய்க்கா! இந்தாளுகிட்ட காசு வாங்கிக்கிட்டு—" அவன் கையை இழுக்கப் பார்த்தான்.

"அசையாதே."

அந்தக் குரலை யாரும் அதுவரை கேட்டதில்லை. அல்போன்ஸ் உறைந்தான். இசபெல்லாவின் கட்டைவிரல் சுவிட்ச் மேல் இருந்தது.

"கையை எடுத்தே, போட்டுடுவேன். அவரு அவ்வளவு சுளுவா யாரையும் நம்பிக் கையை வுட மாட்டாரு. என்னை நம்புவாரு. உன்னை நம்புவாரு. ரெண்டு வருசமா எனக்கு இது தோணவே இல்லை பாரு. நீ குடை புடிச்சுக்கிட்டு நின்னே, நான் எதிர்ல நின்னவன் தலையில மண்ணைப் போட்டுக்கிட்டு இருந்தேன். என்ன நடந்துச்சு? சொல்லு."

"அக்கா, கை வலிக்குது. பலகை கனக்குது."

"சொல்லுடா!"

அல்போன்ஸ் அழ ஆரம்பித்தான். "நீயே ஓனர்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டுடு மாப்ளன்னு சொன்னாரு. நாளைக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்னாரு. அவ்வளவுதான், கோவப்படக்கூட இல்லை. வா ஒரு ஆட்டம் ஆடலாம், மனசு லேசாகும்னாரு. மாமாதான் ஜெயிச்சுக்கிட்டு இருந்தாரு. பந்து மாட்டிக்கிச்சு. கையை வுட்டுட்டு, 'ஆஃப் பண்ணிட்டியா மாப்ள'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

பலகை நடுங்கியது.

"என்ன சொன்னே?"

"பண்ணிட்டேன் மாமான்னேன்."

டக்.

அல்போன்ஸ் போட்ட அலறலில் ஹைவேயில் போன லாரிக்காரன் ஹாரன் அடித்தான். பலகை முழங்கை மேல் தடாலென்று விழுந்தது. கையைப் பிடுங்கிக்கொண்டு தரையில் புரண்டான், கால்கள் உதறின, வாயில் எச்சில் வழிந்தது. மாதவராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு தீர்த்தமலை சாமியைக் கூப்பிட்டார்.

மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை. ஒரு மணியும் அடிக்கவில்லை.

பின்னாலிருந்து பச்சியப்பன் எழுந்தான். பிடுங்கிய பிளக் அவன் கையில் இருந்தது. வெண்மதி அவனையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். இசபெல்லா மிரட்டுவாள், அமுக்க மாட்டாள் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

"யாரு புடுங்கச் சொன்னது?" என்றாள் இசபெல்லா.

"யாரும் சொல்லலைங்கக்கா. உங்க கையைப் பாத்தேன், பயமா இருந்துச்சு."

தடுப்பைத் தள்ளிக்கொண்டு நிர்மலாதேவி உள்ளே வந்தார். கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்ட முகம். அல்போன்ஸின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். அவன் நிற்க முடியாமல் தொங்கினான். உடம்பில் ஒரு கீறல் இல்லை, உயிர் இருக்கிறது என்று மெல்ல மெல்ல அவனுக்கு உறைத்தது. உறைத்ததும் அக்காவைத்தான் தேடினான்.

"அக்கா, பிளக் இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே? சும்மா பயமுறுத்தத்தானே அமுக்குனே? சொல்லுக்கா, நான் உன் தம்பிக்கா!"

இசபெல்லா அவன் பக்கத்தில் வந்தாள். அவன் கன்னத்தில் வழிந்த கண்ணீரை முந்தானையால் துடைத்துவிட்டாள். சின்ன வயசில் துடைத்துவிட்ட அதே கைதான்.

"தெரியாதுடா" என்றாள். "உள்ள போயி ஒவ்வொரு நாளும் நெனச்சுக்க. கரண்ட்டுதான் வரலை. நான் அமுக்குனேன்."